பட் நம்பர் நாற்பத்தொன்று

முப்பத்தாறாம் நம்பர் துப்பாக்கியையும் அந்தம்மா சும்மா விடவில்லை. மேசைமேல் குறுக்கே கிடத்தி, கையடக்க டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மரக்கட்டையின்மேல் ஆள்காட்டி விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். பக்கத்தில் நின்ற அருமைநாயகத்துக்கு அது பிக்பாக்கெட்காரன் விரல் மாதிரிப் பட்டது. முப்பத்து நாலு வருஷமாக இந்த ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்க்கிறவர் அவர். ஆயுதப்படை மைதானத்தில் ஆர்மரர் என்று யாராவது கூப்பிட்டால் அது அவரைத்தான். அவருடைய கட்டைகளை இன்று காலை பத்து மணிக்கு வந்திறங்கிய ஒருத்தி தடவித் தடவிப் பார்க்கிறாள், அவர் எடுத்துக் கொடுக்கவும் வாங்கி வைக்கவும் எடுபிடியாக நிற்கிறார். 'நான் மீனலோசனி சார், அருங்காட்சியகத்துலேர்ந்து வரேன்' என்று அவள் சிரித்தபோதே பிடிக்கவில்லை. பெயர் பிடிக்கவில்லை, தோளில் தொங்கிய துணிப்பை பிடிக்கவில்லை, உள்ளே வருமுன் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தது அதைவிடப் பிடிக்கவில்லை. கோயிலா இது? அறுபத்திரண்டு திரீ நாட் திரீ துப்பாக்கிகள், வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு, படையிலிருந்து விலக்கி மூன்று வருஷமாகச் சுவரோரம் வரிசையாக நிற்கின்றன. நாளைக் காலையில் லாரி வந்துவிடும். இரும்பு உலைக்குப் போகும், கட்டையைக் கழற்றி எரித்துவிடுவார்கள். அதற்கு முன்னால், கட்டையில் ஏதாவது விசித்திரமாக மாற்றம் செய்த துப்பாக்கிகளை மட்டும் பார்த்து எடுத்து வைக்க இவளை அனுப்பியிருக்கிறார்கள். இவள் சிவப்பு நூல் கட்டினால் அது பிழைக்கும், கட்டாததெல்லாம் நாளைக்குச் சாம்பல். நாற்பத்தொன்றாம் நம்பருக்கு இன்னும் ஐந்தே இருந்தது. அதில் மட்டும் இவள் நூல் கட்டக் கூடாது.

'இந்தச் செப்புக் கம்பிய யாரு சார் சுத்தினது?' என்றாள். முன்கட்டையின் நடுவே இரண்டு விரற்கடை அகலத்துக்குக் கம்பி நெருக்கிச் சுற்றியிருந்தது. 'அது அந்தக் காலத்துல துப்பாக்கி முனையில வச்சுக் கையெறி குண்டு எறியறதுக்குச் சுத்துனது மேடம். கட்ட பொளந்துராம இருக்க. எல்லாத்துலயும்தான் கெடக்கும்' என்றார், இவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற தோரணையில். அவள் தலையை ஆட்டினாள். 'அந்தச் சுத்து எனக்குத் தெரியும் சார். அதுல நடுநடுவுல ஈயம் பத்த வச்சிருப்பாங்க. இது கையால சுத்தினது. கம்பியும் அந்தக் கம்பி இல்ல, ஏதோ மோட்டார்லேர்ந்து உருவினது, வார்னிஷ் ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க.' அருமைநாயகம் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, கருகிப்போன மேசை விசிறியிலிருந்து அந்தக் கம்பியை உருவியதே அவர்தான், தொண்ணூற்று இரண்டில், கட்டையில் வெடிப்பு விட்டுக் கிடந்தபோது. இந்தம்மாவுக்குக் கண் இருக்கிறது. வருகிறவள் மேம்போக்காகப் பார்த்துவிட்டு, நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு, வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் ஒரு வாரமாக மனதைத் தேற்றி வைத்திருந்தார். மோட்டார் கம்பி என்று கண்டுபிடிக்கிறவள் மரத்தில் ஒட்டுப் போட்டிருந்தால் விட்டுவிடுவாளா? ஓய்வு பெற நாலு மாசம் இருக்கிறது. நாலே மாசம். அதுவரைக்கும் இவள் எங்கேயாவது காய்ச்சலில் படுத்திருக்கக் கூடாதா?

முப்பத்தேழை எடுத்துக் கொடுத்தார். அவள் அதில் வட்டப் பித்தளை வில்லை இருக்கவேண்டிய குழிக்குள் காலணா நாணயம் ஒன்றை யாரோ அடித்து இறக்கியிருந்ததைக் கண்டு குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டாள். அவள் நூல் கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் மனம் நாற்பத்தொன்றின் பக்கம் போய்விட்டது, இல்லை, போகவில்லை, அங்கேயேதான் கிடந்தது, காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு அது நகரவே இல்லை. தொண்ணூற்று ஏழு செப்டம்பர். இதே மாதிரி முற்பகல், இதே மாதிரிப் புழுக்கம். கீழக்கரும்பூர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். டிரைவர் இல்லை, கூட ஆள் இல்லை, அதிலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கோணிப்பையில் சுற்றிய துப்பாக்கியை இந்த மேசைமேல்தான் வைத்தான். கட்டையின் அடிமுனை, தோளில் அண்டக்கொடுக்கிற பக்கத்தின் கீழ்மூலை, ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து பிய்ந்திருந்தது. 'ஜீப்புலேர்ந்து விழுந்துடுச்சுய்யா' என்றான். ஜீப்பிலிருந்து விழுந்த துப்பாக்கிக்கு முதலில் அடிமுனையில் மாட்டிய பித்தளைத் தகடு நசுங்கும், ஆர்மரரிடம் வந்தா இந்தக் கதை விடுகிறாய் என்று அருமைநாயகம் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வயதுக்காரன், மூன்று நட்சத்திரத்தைப் பார்த்தாலே முதுகு தானாக நிமிரும் வயது, எங்கே கேட்க? தகட்டின் இரண்டு திருகாணிகளையும் கழற்றித் தகட்டைப் பெயர்த்தபோது, தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மூன்று முடி இருந்தது. இரண்டு கறுப்பு, ஒன்று நரை. கோதண்டபாணி அதைப் பார்த்தான். அருமைநாயகம் பார்த்ததையும் பார்த்தான். 'சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடு. ரெஜிஸ்தர்ல ஏத்தாத' என்றான். மண்ணெண்ணெய்த் துணியால் அவர் அந்த மூன்று முடியையும் துடைத்தார். துடைத்த கை இதுதான், இப்போது முப்பத்தெட்டாம் நம்பரைத் தூக்கிக் கொடுக்கிற இதே கை.

முப்பத்தெட்டில் கட்டையின் பக்கவாட்டில் கத்தியால் வெட்டிய கோடுகள் வரிசையாக இருந்தன. வருகிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளக்கிற துப்பாக்கி அது. எத்தனை பேரைச் சுட்டதோ என்று அங்கலாய்ப்பார்கள், அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பது அருமைநாயகத்துக்கு ஒரு சுகம். இவளும் அப்படிச் சொல்லித் தொலைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். ஒரு தப்பு, ஒரே ஒரு முட்டாள்தனம் செய்தால் போதும், மூச்சு விட்டுக்கொள்ளலாம். அவள் டார்ச்சை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 'ஆள் எண்ணிக்கை இல்ல சார் இது. ஏழு ஏழா இருக்கு, ஏழாவது மட்டும் நீளம். யாரோ வாரக்கணக்குல நாள் எண்ணியிருக்காங்க. வீட்டுக்குப் போகணும்னு இருந்திருக்கும், பாவம்.' கருவூலக் காவலில் மாறுதலுக்கு ஏங்கிக் கிடந்த ஒரு கான்ஸ்டபிளின் வேலை அது. சரியாகத்தான் சொல்கிறாள், சனியன். நாள் எண்ணுகிறவர்களை எல்லாம் பாவம் என்று சொல்வதென்றால் இருபத்தாறு வருஷமாகத் திங்கட்கிழமைகளை எண்ணுகிற ஒருத்தி இருக்கிறாளே, அவளை என்னவென்று சொல்வாள்? பேச்சித்தாய். கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குத் திங்கள்தோறும் வருவாள். ஆயுதப்படை மைதானத்து வாசலில்தான் பஸ் நிற்கும், அங்கேதான் இறங்குவாள், அங்கேதான் ஏறுவாள். மஞ்சள் பையில் மனு. உப்பளத்தில் வேலை பார்த்த என் கணவர் வேலாண்டியை மோட்டார் பம்ப் திருடியதாகப் பிடித்துப்போய் ஸ்டேஷனில் வைத்துத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தே கொன்றுவிட்டார்கள், விசாரிக்க வேண்டும். இதுதான் மனு, வருஷா வருஷம் அதை எழுதிக் கொடுக்கிறவர்தான் மாறுவார். பெஞ்சில் வழுக்கி விழுந்தார், தாடையில் அடி, நடந்தது அவ்வளவுதான் என்று அப்போதே விசாரித்து முடித்தாகிவிட்டது. டாக்டர் காயத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு மரச்சிராய் எடுத்தார், அது பெஞ்சின் சிராய் என்று எழுதிக்கொண்டார்கள். ஸ்டேஷன் பெஞ்சு வேப்பமரம். துப்பாக்கிக் கட்டை வால்நட். கறுத்த மரத்துக்கும் வெளுத்த மரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா அத்தனை பேரும்? பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருத்தனுக்கும் மனசில்லை. அந்தப் பேச்சித்தாய் ஒரு தடவை அவரிடமே கேட்டாள், 'அண்ணாச்சி, ஏழாம் நம்பர் வண்டி போயிட்டா?' என்று. 'இல்லம்மா, இனிமத்தான்' என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குள் நுழைந்துகொண்டார். அவள்மேல்தான் கோபம் வந்தது. இருபத்தாறு வருஷமாகவா ஒருத்தி விடாமல் வருவாள்? வேறு வேலை இல்லையா, பிள்ளைகள் இல்லையா, செத்தவன் திரும்பியா வரப்போகிறான் என்று கோபம் கோபமாக வந்தது. இன்றைக்கும் திங்கட்கிழமைதான். இந்நேரம் அங்கே வரிசையில் நிற்பாள்.

'சார், முப்பத்தொம்பது?' என்றாள் மீனலோசனி. எடுத்துக் கொடுத்தார். கட்டையில் அரை அங்குலம் குறைத்து வெட்டியிருந்தது, குள்ளமான ஆள் எவனுக்கோ. அதையும் கண்டுபிடித்தாள், வெட்டியபின் தகட்டை ஒரு மயிரிழை கோணலாக மாட்டியிருப்பதையும் கண்டுபிடித்து, 'இது அவசரக் கை' என்றாள். அவருக்குச் சுருக்கென்றது, அவருடைய கை இல்லை அது, அவருக்கு முன்னால் இருந்தவருடையது, இருந்தாலும் சுருக்கென்றது. நாற்பதை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்துவிட்டது. வெளியே போய்ப் பேசினாள். ஜன்னல் வழியே அவள் வெறுங்காலோடு மணலில் முன்னும் பின்னும் நடப்பது தெரிந்தது. நாற்பத்தொன்று கை நீட்டும் தூரத்தில் நின்றது. கட்டையில் வெள்ளை பெயிண்டில் பட் நம்பர், மற்றதற்கு எப்படியோ அப்படித்தான் அதற்கும். நல்ல வேலை செய்திருந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும், வாழ்நாளில் அவர் செய்த ஒட்டு வேலையில் அதற்கு ஈடு இன்னொன்று இல்லை. உடைந்துபோன இன்னொரு வால்நட் கட்டையில் ரேகை பார்த்து, இதன் ரேகை அதில் ஓடிப்போய்ச் சேருகிற மாதிரித் துண்டு எடுத்து, சாய்வாக அறுத்து, வச்சிரப் பசை காய்ச்சிப் பூசி, அடியிலிருந்து இரண்டு மரமுளை அடித்து, டீத்தண்ணீரில் சாயம் ஏற்றி, ஆளிவிதை எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, ஒட்டின கோடு எங்கே என்று அவருக்கே தேட வேண்டி இருந்தது. செய்கிறபோது மூன்று முடியும் ஞாபகத்தில் இல்லை, மரம்தான் இருந்தது. அதுதான் பாவம், நடுவில் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தார். வேலை முடிந்து தகட்டை மாட்டப் போகிறபோது, யோசிக்கவே இல்லை, பழக்கம், மரத்தில் ஒட்டுப் போட்டால் போட்டவன் முத்திரை குத்த வேண்டும் என்று பயிற்சியில் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், சுடும்போது ஒட்டு விட்டுப் போய் ஒருத்தன் கன்னம் கிழிந்தால் எவன் ஒட்டு என்று தெரிய வேண்டுமே, கை தானாகப் போய் அச்சை எடுத்தது, சுத்தியலை எடுத்தது, தகட்டுக்கு உள்ளே ஒளியப்போகிற மரத்தில் பெயரின் இரண்டு எழுத்தையும் மாதத்தையும் வருஷத்தையும் அடித்துவிட்டது. ரெஜிஸ்தரில் ஏற்றாதே என்றான் கோதண்டபாணி. அவர் ஏற்றவில்லை. மரத்தில் ஏற்றிவிட்டார். என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது வண்டி மைதானத்தைத் தாண்டிப் போன பிறகுதான்.

அதற்கப்புறம் அந்தத் துப்பாக்கி ஊர் ஊராகச் சுற்றியது. பேங்க் காவல், தேர்தல் காவல், ஜெயில் காவல். எங்கேயோ எவனோ தகட்டைத் திறப்பான், திறந்துவிட்டான், திறந்துகொண்டே இருக்கிறான் என்று இருபது வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டே இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் விலக்கியபோது அது இங்கேயே வந்து சேர்ந்தது, அவர் சாவிக்குக் கீழேயே. இரண்டு திருகாணி, உளியால் ஒரு சீவல், ஐந்து நிமிஷம். மூன்று வருஷத்தில் ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லையா? கிடைத்தது. திருப்புளியை எடுத்துக்கொண்டு எத்தனை தடவை அதன் முன்னால் போய் நின்றிருப்பார். ஏன் கழற்றவில்லை? சீவினால் தகடு சரியாக உட்காராது என்று ஒரு சமாதானம். எதற்குத் தொட வேண்டும், தானாக உலைக்குப் போகப்போகிறது என்று இன்னொன்று. இரண்டும் பொய் என்று அவருக்கே தெரியும், அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்றுதான் தெரியவில்லை, அந்த இடத்துக்கு வந்ததும் மனம் கால் தடுக்கி நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும், ஜீப், கோணிப்பை, முடி. கோதண்டபாணி பதவி உயர்வு பெற்று, ஓய்வும் பெற்று, பேரன் பேத்தி எடுத்து, போன தைமாதம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தான். 'என்னய்யா ஆர்மரர், சௌக்கியமா?' என்று கேட்டுவிட்டுப் பாயசத்தை இலையில் ஊற்றிக் கையால் வழித்துக் குடித்தான். அந்தக் கையை அங்கேயே உடைத்திருக்க வேண்டும். 'சௌக்கியம் சார்' என்றார் இவர். சௌக்கியம் சார்! மீனலோசனி போனை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, 'நாப்பதுல ஒண்ணும் இல்ல சார். அடுத்தது குடுங்க' என்றாள்.

எடுத்தார். எப்போதும் உள்ள எடைதான், கூடுதலாக ஒன்றும் இல்லை. மேசைமேல் வைத்தார். அவள் டார்ச்சைச் சாய்த்தாள். முன்கட்டையில் தொடங்கினாள். விரல் வந்தது. நடுவளையத்தைத் தாண்டியது, பிடிப்பகுதியின் வளைவில் இறங்கியது, கட்டையின் அகலத்துக்கு வந்தது. வெள்ளை நம்பரை மோந்து பார்க்கிற மாதிரிக் குனிந்தாள். அவர் கண் அந்த நகத்தை விட்டு அசையவில்லை. போ, போய்விடு, மேலே போ. நகம் கீழ்மூலைக்கு வந்தது, ஒட்டுக்கோடு ஓடுகிற இடத்தின்மேல் குறுக்கே கடந்தது, நின்றது. திரும்ப வந்தது, மறுபடி கடந்தது. மூன்றாவது தடவையும் கடந்தது. பிறகு அவள் நிமிர்ந்து டார்ச்சை அணைத்தாள். நோட்டில் நாற்பத்தொன்று என்று எழுதி அதற்கு நேரே ஒரு கோடு இழுத்தாள். 'இது சுத்தமா பட்டறையிலேர்ந்து வந்தது வந்தபடியே இருக்கு சார்' என்றாள். 'ஒரு ரிப்பேர், ஒரு கீறல் கிடையாது. ஒண்ணுமே நடக்காத துப்பாக்கி. இது போகட்டும்.'

போகட்டும். தப்பித்தாயிற்று. நாளைக்குக் காலையில் லாரி, அப்புறம் நெருப்பு, அப்புறம் நாலு மாசம், அப்புறம் மாலை போட்டு வீடு வரைக்கும் ஜீப்பில் கொண்டு விடுவார்கள். வாங்கி வைக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை கட்டையின் கீழ்மூலையைத்தான் பிடித்தது. ஒண்ணுமே நடக்காத துப்பாக்கி. இவள் என்ன சொன்னாள்? இவளும் அதையேதான் சொல்கிறாள். விசாரித்தவர்கள் சொன்னது, கோதண்டபாணி சொன்னது, பாயசத்தை வழித்தபடியே அவன் முகம் சொன்னது, ஒண்ணும் நடக்கல. விசிறிக் கம்பியைக் கண்டுபிடித்தாள், கான்ஸ்டபிளின் ஏக்கத்தைக் கண்டுபிடித்தாள், மயிரிழைக் கோணலைக் கண்டுபிடித்தாள், இதை விட்டுவிட்டாள், மூன்று தடவை நகம் மேலே போயும் விட்டுவிட்டாள். அவள்மேல் வந்த வெறுப்பு காலையிலிருந்து வந்ததையெல்லாம்விடப் பெரிதாக இருந்தது. இதற்காகவா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாய்? அடுத்த நொடி, இவள் இல்லை, இவளை ஏமாற்றியது நீதான், உன் கைதான், அவ்வளவு நேர்த்தியாக மூடி வைத்தவன் நீதான் என்று அது அவர் பக்கமே திரும்பியது. சீவாமல் விட்டது ஏன் என்று இப்போது தெரிந்தது. அந்த இரண்டெழுத்து ஒன்றுதான் அந்த வேலையில் அவர் செய்த யோக்கியமான காரியம். அதையும் சீவிவிட்டால் அவரிடம் என்ன மிச்சம் இருக்கும்?

'நாப்பத்திரெண்டு சார்' என்றாள்.

'கண்ணு இருக்குன்னு நெனச்சேன் மேடம் ஒங்களுக்கு' என்றார். குரல் சண்டைக்குப் போகிற குரலாக வந்தது. அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். அவர் நாற்பத்தொன்றைத் திரும்ப மேசைமேல் போட்டார். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார், அது எப்போதும் அங்கேதான் இருக்கும். மேல்திருகாணி சுலபமாக வந்தது, கீழ்த்திருகாணி பிடிவாதம் பிடித்து, கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வந்தது. தகட்டைப் பெயர்த்தார். 'டார்ச்ச அடிங்க.' அடித்தாள். பச்சை படிந்த மரத்தில் இரண்டெழுத்து, ஒன்பது, தொண்ணூற்று ஏழு. அந்த எழுத்திலிருந்து, நூல் பிடித்த மாதிரி, சாய்வாக ஏறிப் போகிற ஒரு மெல்லிய கோடு. 'இவ்வளவு நல்ல ஒட்ட நான் பார்த்ததே இல்ல. யாரு சார் இது?' என்றவள், அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். ரெஜிஸ்தரைப் பார்த்துக் குறித்து வைத்திருந்த நோட்டைப் புரட்டினாள். 'ஆனா பழுதுபார்ப்பு ரெஜிஸ்தர்ல நாப்பத்தொண்ணுக்கு எதுவும் இல்லையே.'

'இருக்காது. ஏத்த வேண்டாம்னாங்க.'

'எதனால ஒடஞ்சுது சார்?'

வெளியே வாசலில் ஏதோ பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. 'உப்பளத்துல வேலாண்டின்னு ஒரு ஆளு இருந்தாரு' என்றார் அருமைநாயகம். 'கீழக்கரும்பூர் ஸ்டேஷன்ல வச்சு அவர இதாலதான் அடிச்சாங்க. இந்த மூல ஒடஞ்சது அவரு தாடையில. தகட்டுக்குள்ள அவரு முடி இருந்துச்சு, நாந்தான் தொடச்சேன். டாக்டர் எடுத்த சிராயப் பெஞ்சுச் சிராய்னு எழுதிட்டாங்க. அது இதோட மரம். அவரு வீட்டுக்காரம்மா இந்நேரம் கலெக்டர் ஆபீஸ்ல நிக்கும்.' இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. மீனலோசனி பேனாவை நோட்டின்மேல் வைத்தாள். 'சார்' என்றாள் மெதுவாக, 'இத நான் எழுதினா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியும்தானே?' 'தெரியாமலா மேடம் தெறந்து காட்டுதேன்?' என்று எரிந்து விழுந்தார். 'மொதல்ல நூலக் கட்டுங்க. நாளைக்கு லாரில ஏத்திரப் போறானுவ.'

அவள் சிவப்பு நூலை எடுத்துக் கட்டையின் இடுப்பில் சுற்றினாள். முடிச்சு விழவில்லை, இரண்டு தடவை அவிழ்ந்தது. 'இங்க குடுங்க' என்று அவர் வாங்கித் தானே கட்டினார். இறுக்கி, இன்னொரு முடிச்சும் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் விழுந்திருந்தது.